உறையூர் சுருட்டும் ஏழு வருஷக் கணக்கும்!

"ஏன்டா, இன்ஜினீயருக்குப் படிக்கிற... இந்தப் பெட்டியைப் பார்த்து என்னன்னு சொல்லத் தெரியாதா?"

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப அப்பாயி கேட்ட கேள்வி இது. மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற பாவத்துக்கு மிக்ஸி, மோட்டார், டி.வி. ரிமோட்னு எல்லாத்தையும் என்கிட்ட நீட்டுவாங்க. நானும் திருப்புளியோட உட்கார்ந்து, கடைசியில பல்பு வாங்கிட்டு எழுந்திருப்பேன். ஆனா, இந்த முறை அப்பாயி நீட்டியது தாத்தாவோட சுருட்டுப் பெட்டி.

உள்ளங்கை ரெண்டும் சேர்ந்த அளவுக்கு ஒரு பழைய மரப்பெட்டி. உள்ளே 11 சுருட்டு. தாத்தா கடைசியா உறையூர்ல வாங்கி, குடிக்காமலே விட்டுட்டுப் போனது. கன்னத்துல வந்த புண், ஆறு மாசத்துல அவரைக் கொண்டுபோயிடுச்சு. 'பல வருஷமா சுருட்டு குடிச்சவரா?' என்பதுதான் டாக்டர் கேட்ட முதல் கேள்வி. அதுக்கப்புறம் எங்கப்பா அந்தப் பெட்டியைக் கண்ணாலயே பார்க்க மாட்டார். "தூக்கிக் குப்பையில போடு"ம்பார். அப்பாயியோ அதைப் பரண்ல ஒளிச்சு வெச்சு, தாத்தா திதி அன்னிக்கு மட்டும் எடுத்துத் திறந்து மோந்து பார்த்துட்டு மூடிடுவாங்க.

இந்த வருஷம் திறந்தா, சுருட்டுல குண்டூசி குத்தின மாதிரி ஓட்டை. பெட்டிக்கு அடியில பழுப்பு நிறத்துல பொடி. "உங்க தாத்தா வாசனை போவுதுடா" என்றபோது அப்பாயி குரல் உடைஞ்சுபோச்சு. அந்துருண்டை போட்டு வைக்கட்டுமானு கேட்டாங்க. எனக்கும் தெரியலை. சரி, பிறந்த இடத்துலயே போய் விசாரிப்போம்னு பெட்டியை பேக்ல போட்டுக்கிட்டு லால்குடியில பஸ் ஏறிட்டேன்.

சோழர் தலைநகரில் ஒரு திண்ணை!

சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இறங்கி, டவுன் பஸ் மாறினா கொஞ்ச நேரத்துல உறையூர். இப்போ திருச்சி மாநகராட்சிக்குள்ள ஒரு பேட்டை. ஆனா, சங்க காலத்துல சோழர்களுக்குத் தலைநகரம். அப்பவே பருத்தித் துணிக்குப் பேர் வாங்கின ஊர். பிற்காலத்துல அதோட சேர்ந்தது சுருட்டு. வெள்ளைக்காரன் 'திருச்சினாப்பள்ளி சிகார்'னு பேர் வெச்சு, கப்பல்ல லண்டன் வரைக்கும் கொண்டுபோனான். திண்டுக்கல் பக்கத்துல விளைஞ்ச புகையிலை, இங்கே வந்து சுருட்டாச்சு. இங்கிலீஷ்ல இருக்கிற 'செரூட்' என்ற வார்த்தையே நம்ம 'சுருட்டு'தான் பாஸ்!

ஷெர்லாக் ஹோம்ஸ் ரசிகர்களுக்கு ஒரு கொசுறு. கானன் டாயில் எழுதி, 1887-ல் வெளியான முதல் ஹோம்ஸ் நாவலான 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்'ல், கொலை நடந்த இடத்துல கிடக்கிற சாம்பலை வெச்சே 'கொலைகாரன் குடிச்சது திருச்சினாப்பள்ளி சுருட்டு'னு ஹோம்ஸ் கண்டுபிடிப்பார். உலகத்தோட முதல் துப்பறியும் சூப்பர் ஸ்டாருக்கே நம்ம ஊரு சாம்பல்தான் க்ளூ!

வெக்காளியம்மன் கோயிலைத் தாண்டி நடந்தேன். கூரையே இல்லாம, வெயிலையும் மழையையும் தலையில வாங்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கிற அம்மன். அங்கே பூக்கடையில விசாரிச்சு, ரெண்டு சந்து திரும்பினதும் மூக்கே வழி சொல்லிடுச்சு. வெல்லப்பாகு, ஈர வைக்கோல், பழைய புத்தகம் மூணும் கலந்த மாதிரி ஒரு வாசனை. எங்க தாத்தா துண்டு வாசனை!

திண்ணையில ஒரு பெரியவர். முன்னாடி சாய்வா ஒரு பலகை. நனைச்சு வெச்ச இலையை விரிச்சு, நரம்பைக் கிழிச்சு எடுத்து, உள்ளே தூளும் துண்டு இலையும் வெச்சு, ஒரே உருட்டு... சுருட்டு ரெடி. அளவு பார்த்து ரெண்டு நுனியையும் வெட்டுறார். கியூபா சிகாருக்கு வாய் வைக்கிற பக்கம் மூடி இருக்கும், குடிக்கிறவங்கதான் வெட்டணும். நம்மூர் சுருட்டுக்கு ரெண்டு பக்கமும் திறந்திருக்கும்.

"ஐயா..." என்று பெட்டியை நீட்டினேன். மேலும் கீழும் பார்த்தார்.

"நீ குடிப்பியா தம்பி?"

"இல்லீங்கய்யா. இது எங்க தாத்தாவோடது. அவர் இப்ப இல்லை."

அதுக்கப்புறம்தான் பெட்டியை வாங்கினார். ஒரு சுருட்டை எடுத்துக் காதுக்குப் பக்கத்துல வெச்சு, ரெண்டு விரலால லேசா அமுக்கினார். 'மொறுக்'னு சத்தம். "காஞ்சுபோச்சு. நல்ல சுருட்டு அமுக்குனா அமுங்கணும், விட்டா பழையபடி எழுந்து வரணும். சத்தம் வந்தா காஞ்சிருக்குன்னு அர்த்தம். சொதசொதன்னு இருந்தா வேர்த்திருக்குன்னு அர்த்தம். காயவும் கூடாது, வேர்க்கவும் கூடாது. அவ்வளவுதான் வித்தை."

"ஓட்டை?"

"வண்டு. பெட்டியை எங்க வெச்சிருந்தீங்க?"

"பரண்ல."

"பக்கத்துல மல்லி, மஞ்சள், மிளகா மூட்டை இருந்துச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வருஷத்துக்கான மல்லியும் மஞ்சளும் எங்க வீட்டுப் பரண்லதான் இருக்கு. அவருக்கு எப்படித் தெரியும்? "புகையிலையைத் திங்கிற வண்டுதான் மளிகைச் சாமானையும் திங்கும். மேலே ஓட்டுச் சூடு வேற. அதுக்குக் கல்யாண மண்டபம் மாதிரி!" என்று சிரித்தார். அவர் சொன்னது அறிவியலும்தான். 'லேசியோடெர்மா செர்ரிகார்னே' என்ற அந்த வண்டு புகையிலை, மஞ்சள், மிளகாய், மல்லினு பேதம் பார்க்காம முட்டை போடும். சூடு ஏற ஏற குடும்பம் பெருகும். சுருட்டு வெச்சிருக்கிறவங்க 24 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே பயப்படுறது அதனாலதான். நம்ம திருச்சியில மே மாசம் 40 டிகிரி!

"அந்துருண்டை போடலாமாய்யா?"

"போடு. அப்புறம் உங்க தாத்தா வாசனை வராது, துணிக்கடை பீரோ வாசனைதான் வரும்."

ஓட்டை விழுந்த நாலு சுருட்டைத் தனியா எடுத்து என் கையில கொடுத்தார். "இதை எரிச்சிடு. மிச்சம் ஏழு தேறும். ஆனா, ஒண்ணு... தண்ணி தெளிச்சுப் பழைய பதத்துக்குக் கொண்டாரலாம்னு நினைக்காத. உள்ளே இருக்கிற தூள் சட்டுன்னு ஊதும், மேல் இலை வெடிச்சிடும். காஞ்சதுக்கு எவ்வளவு நாளாச்சோ, அவ்வளவு நாள் பொறுமையா ஏத்தணும்."

கிளம்பும்போது, "நீங்க குடிப்பீங்களாய்யா?" என்று கேட்டேன். "டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாரு தம்பி. சுத்துறதோட சரி. முன்ன இந்தத் தெரு பூரா பலகை கிடக்கும். இப்ப நாங்க மூணு பேரு. என் பையன் செல்போன் கடையில இருக்கான். வரச் சொன்னதும் இல்ல, அவன் வந்ததும் இல்ல" என்றவர், அடுத்த இலையை விரிக்க ஆரம்பிச்சுட்டார். பெட்டியைப் பார்த்ததுக்குக் காசு கொடுத்தா வாங்கலை.

சைக்ரோமெட்ரிக் சார்ட்டுக்கு ஒரு ஸாரி!

ஃப்ரெண்ட்ஸ், ஏ.சி. பேப்பர்ல 'சைக்ரோமெட்ரிக் சார்ட்'னு ஒண்ணு வரும். சிலந்தி வலை மாதிரி இருக்கிற அந்த கிராஃபை வாழ்க்கையில எதுக்கு யூஸ் பண்ணப்போறோம்னு பரீட்சை ஹால்ல திட்டியிருக்கேன். அதுக்கு இந்த இடத்துல ஒரு ஸாரி.

பெரியவர் சொன்ன 'காயவும் கூடாது, வேர்க்கவும் கூடாது' என்பதற்கு அந்த சார்ட்ல ஒரு நம்பர் இருக்கு. சுருட்டுக்குத் தேவை 65-லிருந்து 70 சதவிகித ஈரப்பதம், 18-லிருந்து 21 டிகிரி செல்சியஸ். ஈரப்பதம் குறைஞ்சா மேல் இலை வெடிக்கும், வாசனைக்குக் காரணமான எண்ணெய்ப் பசை போயிடும். 75-க்கு மேல ரொம்ப நாள் இருந்தா பூஞ்சை பிடிக்கும்.

இதுல ஒரு உள்குத்து. சதவிகிதம்னா, அந்தச் சூட்டுல காற்று அதிகபட்சம் தாங்குற தண்ணீர்ல எவ்வளவு இருக்குங்கிற கணக்கு. 20 டிகிரியில 70 சதவிகிதம்னா ஒரு கன மீட்டர் காற்றுல சுமார் 12 கிராம் தண்ணீர். அதே 70 சதவிகிதம் 35 டிகிரியில கிட்டத்தட்ட 28 கிராம்! பகல் சூட்டுல ஈரக் காற்றோட மூடின பெட்டி ராத்திரி குளிர்ந்தா, உள்ளே ஈரப்பதம் எகிறி வேர்த்துடும். அதனால, குறைவான சூடு முக்கியம். அதைவிட ஏறி இறங்காத சூடு முக்கியம். அந்த விஷயத்துல வீட்டிலேயே மோசமான இடம் எது? பரண்!

தாத்தா இருந்தவரை பெட்டி எங்கே இருந்துச்சுனு யோசிச்சேன். நடு அறையில, தேக்குக் கட்டிலுக்கு அடியில, சிமென்ட் தரையை ஒட்டி. வீட்டுலயே குளிர்ச்சியான இடம். எட்டாங்கிளாஸ் தாண்டாத தாத்தாவுக்குத் தெரிஞ்சிருக்கு!

வேலையை ஆரம்பிச்சேன். முதல்ல நாலு சுருட்டை எரிச்சாச்சு. மிச்சம் ஏழையும் ஜிப் கவர்ல காற்று போகாம மூடி ஃப்ரீஸர்ல மூணு நாள். மைனஸ் 18 டிகிரி வரை போனா வண்டும் முட்டையும் காலி. எங்க ஃப்ரிட்ஜ் கொஞ்சம் கிழடுங்கிறதால கூட ரெண்டு நாள் விட்டேன். மீன் பாக்கெட்டுக்குப் பக்கத்துல தாத்தா சுருட்டு! பிறகு கவரைத் திறக்காம கீழ்த்தட்டுல ஒரு நாள், வெளியே ஒரு நாள். சட்டுன்னு சூட்டுக்கு வந்தா இலை வெடிச்சுடும். ஃப்ரிட்ஜ்லயே நிரந்தரமா வைக்கலாமேனு அம்மா கேட்டாங்க. கூடாது. ஃப்ரிட்ஜ் உள்ளே இருக்கிற ஈரத்தை உறிஞ்சிடும். நாளாக நாளாக எல்லாம் காய்ஞ்சிடும்.

அடுத்தது மரப்பெட்டி. ஈரத்துணியால துடைக்காம, உலர்ந்த பிரஷ்ல பொடியைத் தட்டி, நிழல்ல ஆற வெச்சேன். வெளிநாட்டுல சுருட்டுப் பெட்டிக்கு 'ஸ்பானிஷ் சிடார்'னு ஒரு மரம் போடுவாங்க. பேர்ல சிடார் இருந்தாலும் அது சிடார் இல்லை. நம்ம வேப்பமரத்தோட குடும்பம்! அந்தப் பெட்டி ஆயிரக்கணக்குல விலை. நான் பண்ணது, இறுக மூடுற பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு வாங்கி அதுக்குள்ள தாத்தா பெட்டியை அப்படியே வெச்சது. கூடவே ஈரம் கூடினா இழுத்து, குறைஞ்சா விடுற 65 சதவிகிதப் பாக்கெட் ஒண்ணு. பஞ்சுல தண்ணி நனைச்சு வைக்கிறவங்க காய்ச்சி வடித்த நீர்தான் ஊத்தணும். குழாய்த் தண்ணீர்னா உப்புப் படியும், பூஞ்சையும் வரும்.

ஈரப்பதம் காட்டுற குட்டி மீட்டரும் வாங்கினேன். அது உண்மை சொல்லுதானு பார்க்க ஒரு லேப் டெஸ்ட். பாட்டில் மூடியில சமையல் உப்பு, சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் கூழ் மாதிரி ஆக்கி, மீட்டரோட சேர்த்து ஜிப் கவர்ல ஒரு ராத்திரி மூடி வைக்கணும். ஈர உப்பு, மூடின காற்றை 75 சதவிகிதத்துல நிறுத்தும். மீட்டர் 75 காட்டினா யோக்கியன். என்னுடையது 72 காட்டியது. சோ, எது காட்டினாலும் மூணு கூட்டிக்கணும். அப்பாயி உப்பு டப்பாவைப் பிடுங்கி வெச்சுக்கிட்டு, "இதுக்குத்தான் அம்பதாயிரம் ஃபீஸா?" என்றார்.

ஒண்ணு குடுறா மச்சான்!

ஹாஸ்டல்ல இந்தக் கதையைச் சொன்னதும் ரூம்மேட் கேட்டது இதுதான். "திருச்சி சுருட்டு... ஷெர்லாக் ஹோம்ஸ் கேஸ்... சும்மா ஒரு இழுப்பு!" 2003-ல் வந்த சட்டப்படி 18 வயசுக்குக் கீழே இருக்கிறவங்களுக்கும், கல்வி நிலையங்களுக்கு 100 கஜ தூரத்துக்குள்ளேயும் புகையிலை விற்கக் கூடாது. எங்களுக்கு வயசு தாண்டிடுச்சு. ஆனா, சுருட்டுப் புகையை உள்ளே இழுக்காம வாயோட விட்டாலும் வாய், தொண்டைப் புற்றுநோய் வரும். தாத்தா ஒருநாளும் உள்ளே இழுத்ததில்லை. கடைசி மாசம் அவரால கஞ்சியைக்கூட முழுங்க முடியலைனு சொன்னேன். அவன் அப்புறம் கேட்கலை.

அதைச் சொன்னப்புறம் எனக்கே ஒரு சந்தேகம். தாத்தாவைக் கொன்னதை நான் எதுக்கு இவ்வளவு பத்திரமா பார்த்துக்கிறேன்? அடுத்த முறை ஊருக்குப் போனப்ப அப்பாயிகிட்டயே கேட்டேன். டப்பாவைத் திறந்து, பெட்டியை எடுத்து, கண்ணை மூடி மோந்தாங்க. ரொம்ப நேரம் பேசலை.

"அந்த மனுசனைக் கொன்னதும் இதான்டா. அவரு வாசனை மிச்சம் இருக்கிறதும் இதுலதான். ரெண்டும் தெரிஞ்சுதான் வெச்சிருக்கேன்."

அப்புறம் கணக்குப் போட்டாங்க. "ஏழு இருக்குல்ல? வருஷத்துக்கு ஒண்ணு நம்ம கருப்புக்குப் படையல்ல வெச்சிடுவோம். ஏழு வருஷம் ஓடும். அதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துடுவேன். மிச்சம் இருந்தா தூக்கிப் போட்டுரு. குடிச்சிடாத."

பெட்டி இப்போ பரண்ல இல்லை. தாத்தா கட்டிலுக்கு அடியில, அதே பழைய இடத்துல இருக்கு. நான் வைக்கலை, அப்பாயியும் வைக்கலை. யார் எடுத்து வெச்சாங்கன்னு யாரும் கேட்டுக்கலை. ஞாயித்துக்கிழமை ஹாஸ்டலுக்கு போன் பண்ற எங்கப்பா, அரியர், மெஸ் பில் எல்லாம் விசாரிச்சு முடிச்சுட்டு, வைக்கிறதுக்கு முன்னாடி சொன்னார்:

"உன் மீட்டர் அறுபத்தி மூணு காட்டுதுடா. மூணு கூட்டினா அறுபத்தி ஆறு. சரியாத்தானே இருக்கு?"