கொக்கியை நீட்டாதீங்க!

தீபாவளி சீசனில் சிவகாசிப் பக்கம் வந்திருக்கிறீர்களா? வந்திருந்தால் இந்தக் காட்சி கண்ணில் படாமல் இருந்திருக்காது. ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல்., பின்னால் அட்டைப்பெட்டி மேல் அட்டைப்பெட்டி. ஓட்டுகிறவர் சீட்டு நுனியில் ஒட்டிக்கொண்டு இருப்பார். மேடு ஏறும்போது ஹேண்டில்பார் லேசாக ஆடும். முன் சக்கரத்துக்குத் தரையில் பிடிப்பு கம்மி, அவ்வளவுதான்!

இதற்கு எங்கள் ஊரில் 'பின்பாரம்' என்று பேர். மாட்டு வண்டிக் காலத்து வார்த்தை. மூட்டையை அச்சுக்குப் பின்னால் அடுக்கினால் நுகத்தடி மேலே தூக்கும். முன்னால் அடுக்கினால் மாட்டின் கழுத்தை அழுத்தும். பள்ளிக்கூடமே போகாத வண்டிக்காரருக்கு இது தெரியும். நமக்கு செகண்ட் செமஸ்டரில் 'மொமன்ட்' என்று நடத்தினார்கள், பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்டோம்.

கேரவன் என்றால் நமக்கு ஹீரோ மேக்கப் போடும் பஸ். அமெரிக்காவில் ரிட்டயர்டு ஆன தாத்தா, பாட்டியெல்லாம் அதையே வீடாக்கி ஊர் சுற்றுகிறார்கள். பால் பாக்கெட் வாங்க அவ்வளவு பெரிய வண்டியை எடுக்க முடியுமா? அதனால் பின்னால் ஒரு சின்னக் காரைக் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டே போவார்கள். கூடவே சைக்கிளும் வேண்டும். இங்கேதான் சிக்கல். சைக்கிள் ஸ்டாண்டு கேரவனுக்கும் காருக்கும் நடுவில் தொங்கும். வளைவில் திரும்பினால் பெடல் போய் பானெட்டைக் கீறும். உடனே என்ன செய்வார்கள்? கொக்கி மாட்டுகிற 2 இஞ்ச் சதுரக் குழாயை ஓரடி, ஒன்றரை அடி நீட்ட ஒரு துண்டு விற்கிறது, அதை வாங்கிச் சொருகுவார்கள். துண்டைச் சொருகினால், இழுக்கும் பாரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று விற்கிறவர்களே சொல்வார்கள். சிலர் பாதி வரைக்கும் குறைக்கச் சொல்கிறார்கள்!

ஏன் என்று கேட்டால் அதே பின்பாரம்தான். நாலு சைக்கிள், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து 80 கிலோ என்று வையுங்கள். பின் அச்சிலிருந்து நாலடி தள்ளித் தொங்கின அந்த 80 கிலோ, ஆறடி தள்ளித் தொங்கினால் முன் சக்கரத்தைத் தூக்குகிற வேகம் ஒன்றரை மடங்கு ஆகிவிடும். கிலோ ஏறவே இல்லை, தூரம்தான் ஏறியது. இழுபடுகிற வண்டி பக்கவாட்டில் ஆடினாலும் அதே கணக்கு. நீண்ட வாலைப் பிடித்து ஆட்டுவது சுலபம்.

அமெரிக்கக் கதை எனக்கு எதற்கு என்கிறீர்களா? எங்கள் அப்பாவுக்கு விருதுநகரில் வெல்டிங் பட்டறை. போன வருஷம் ஒரு காலேஜ் கோஷ்டி வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்துக்கு சைக்கிள் டூர். ஒரு பழைய ஜீப், பின்னால் ஜெனரேட்டரும் சமையல் சாமானும் ஏற்றின குட்டி ட்ரெய்லர். ஜீப்பின் முதுகில் நாலு சைக்கிள். திரும்பினால் சைக்கிள் ட்ரெய்லரில் இடிக்கிறது.

"அண்ணாச்சி, கொக்கிய ரெண்டடி நீட்டி வெல்டு வச்சுக் குடுங்க. காலைல கெளம்பணும்."

"கொக்கிய நீட்ட மாட்டேன் தம்பி. ட்ரெய்லரோட ஏர்க்கால நீட்டித் தாரேன். ரெண்டு நாள் ஆகும்."

கேட்டவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. நடுவில் ரெண்டடி இடைவெளி, எந்தப் பக்கம் நீட்டினால் என்ன? ஆனால் ஒன்றில்லை! ட்ரெய்லர் பக்கம் ஏர்க்காலை நீட்டினால், கொக்கி ஜீப்பின் அச்சுக்குப் பக்கத்திலேயே இருக்கும். ட்ரெய்லர் திரும்பும்போது கொஞ்சம் உள்வாங்கும், அதை டிரைவர் பார்த்துக்கொள்ளலாம். கொக்கி நீண்டால் ஜீப்பே ஆடும். அதை யார் பார்த்துக்கொள்வது?

பக்கத்துப் பட்டறையில் அரை மணி நேர வேலை என்று முனகிக்கொண்டே போனார்கள். அப்பா கூப்பிடவில்லை. அவருடைய பிடிவாதத்துக்குக் காரணம் எங்கள் சித்தப்பா. ஒரு அறுவடை சமயம், டிராக்டருக்கும் ட்ரெய்லருக்கும் நடுவில், ஏர்க்கால் மேல் உட்கார்ந்து வந்தார். நீங்களும் திருவிழாவுக்கு அப்படிப் போயிருப்பீர்கள். கொக்கிப் பின்னுக்கு லாக் இல்லை, கட்டுக்கம்பி சுற்றியிருந்தது. ஒரு பள்ளம். பின் எகிறியது, ஏர்க்கால் தரையில் குத்தியது. சித்தப்பா இன்றைக்கும் வலது காலை இழுத்துத்தான் நடக்கிறார்.

சாயங்காலம் ஜீப் ஓனரே அந்தப் பையன்களோடு வந்தார். டூர் ஒரு வாரம் தள்ளிப்போனது. வேலை முடிந்ததும் அப்பா ரெண்டு சங்கிலியை ஏர்க்காலுக்குக் கீழே குறுக்காக, எக்ஸ் மாதிரி மாட்டினார். பின் கழன்றாலும் ஏர்க்கால் தரையில் விழாது, சங்கிலித் தொட்டிலில் விழும். ஆனால் சங்கிலி ரொம்ப நீளமாகி ரோட்டில் உரசவும் கூடாது. உரசினால் பொறி பறக்கும். மருந்து அறைக்குள் இரும்புச் சாமானையே விடாத ஊர் சிவகாசி. அந்த வழியாகப் போகிறவர்களிடம் பொறியைப் பற்றி விளக்க வேண்டுமா?

விளக்கம் வேண்டுமென்றால் கலிபோர்னியாவைப் பாருங்கள். 2018 ஜூலையில் ஒரு ட்ரெய்லரின் டயர் வெடித்து, ரிம் ரோட்டில் உரசி, அந்தப் பொறி காய்ந்த புல்லில் பிடித்தது. 'கார் ஃபயர்' என்று பேர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன, எட்டுப் பேர் இறந்தார்கள்.

சட்டமும் இருக்கிறது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, பாரம் அனுமதித்த அளவைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம். சைக்கிள் டயர் நம்பர் பிளேட்டையும் பின் லைட்டையும் மறைத்தால் அதற்குத் தனியாக மாட்டுவீர்கள். எங்கள் பையன்கள் நம்பரையும் சிவப்பு லைட்டையும் சைக்கிளுக்கு வெளியே தெரிகிற மாதிரி எடுத்து மாட்டிக்கொண்டார்கள்.

கிளம்பும்போது சித்தப்பா ஜன்னலில் கை வைத்துச் சொன்னார்: "சிவகாசி போறதுக்குள்ள ஒரு தடவ எறங்கி பின்னப் பாருங்கப்பா." திருத்தங்கலில் இறங்கிப் பார்த்துவிட்டுப் போன் பண்ணினார்கள். பின் சரியாக இருந்ததாம். சைக்கிள் ஸ்டாண்டில்தான் ஒரு நட்டு பாதி கழன்றிருந்ததாம். முறுக்கிவிட்டுக் கிளம்பினார்கள்.