கோவைச் சந்தையில் ஒரு காலை நடை

கோவையின் உணவைச் சந்தை வழியாக அறிய வருபவருக்குப் பொருத்தமான தொடக்கம் விடிகாலை உழவர் சந்தை. வெயில் ஏறிவிட்டால் வதங்கிய கீரைதான் மிஞ்சும். 1999-இல் தமிழக அரசு கொண்டுவந்த திட்டம் இது. அடையாள அட்டை பெற்ற உழவர்கள் தரகர் இல்லாமல் விற்கிறார்கள்; அன்றைய விலை பலகையில் இருக்கும். ஆர்.எஸ்.புரத்திலும் சிங்காநல்லூரிலும் இத்தகைய சந்தைகள் உண்டு.

விலை கேட்க வழிகாட்டி வேண்டியதில்லை. பெயர் சொல்லத்தான் வேண்டும். சென்னையில் பரங்கிக்காய் என்பது இங்கே அரசாணிக்காய், வேர்க்கடலை கடலைக்காய். “ஏனுங்க, எப்படிச் சமைக்கறதுங்க?” என்று கேட்டுவிட்டால் விற்பவரே வழிகாட்டியாகிவிடுவார்.

தானியக் கடையில் நின்று பார்க்க வேண்டியது கொள்ளு. மழை குறைந்த மேட்டுக்காட்டிலும் விளைவது. காளைக்கும் தீவனம், வீட்டுக்கும் குழம்பு. வேகவைத்த தண்ணீரை இறுத்து ரசம் வைப்பார்கள். வெந்த கொள்ளைச் சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகாயோடு கடைந்தால் கொள்ளுப் பருப்பு. பக்கத்துச் சாக்கில் ஈரோட்டு மஞ்சள், விரலி வேறு, கிழங்கு வேறாக. இதற்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

அடுத்தது வெல்ல மண்டி. கருப்பஞ்சாற்றுப் பாகை அச்சில் வார்த்தால் அச்சுவெல்லம். ஆறும்போதே தேய்த்துத் தூளாக்கினால் நாட்டுச் சர்க்கரை. ஈரோடு மாவட்டக் கவுந்தப்பாடி இதற்குப் பேர்போன ஊர். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் அங்கிருந்து போகிறது. வாங்குமுன் ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்ப்பது இங்கே வழக்கம், கடைக்காரர் கோபிக்கமாட்டார். பளீரென்ற மஞ்சள் வெல்லத்தைவிடக் கருத்த வெல்லமே நல்லது என்பது பழகியவர்களின் கணிப்பு.

சாக்கில் பார்த்தவை இலையில் சேர்வது காலைப் பலகாரத்தில். புழுங்கலரிசி மாவை ஆவியில் வேகவைத்து, சூடு ஆறுமுன் அச்சிலிட்டுப் பிழிவது சந்தகை. பிழிந்த பின் வேகும் இடியாப்பத்தோடு இதைக் குழப்புவது வெளியூர்க்காரர் வழக்கமாகச் செய்யும் பிழை. இதற்குத் தேங்காய்ப்பாலும் நாட்டுச் சர்க்கரையும் துணை. மதியம் வரை தங்குபவருக்கு அரிசிம்பருப்பு: அரிசியும் துவரம்பருப்பும் மஞ்சளும் சின்ன வெங்காயமும் ஒரே பாத்திரத்தில் வெந்து வரும். மேலே ஊற்ற, ஊத்துக்குளி வெண்ணெயை உருக்கிய நெய்.