ஓசூர்க்காரர்கள் பார்க்க வேண்டிய இந்திப் படம்

நீரஜ் கய்வானின் ‘ஹோம்பவுண்ட்’ (2025) இன்னும் மனதைவிட்டு அகலவில்லை. 2020 ஊரடங்கில் சூரத்திலிருந்து உத்தரப் பிரதேசத்துக்குக் கிளம்பிய இரு நண்பர்களின் உண்மைக் கதை. நியூயார்க் டைம்ஸில் பஷாரத் பீர் எழுதிய கட்டுரைதான் மூலம்.

விஷால் ஜேட்வா நடிக்கவே இல்லை, சந்தனாக வாழ்ந்திருக்கிறார். தலித் இளைஞன். யாராவது முழுப்பெயரைக் கேட்டால் கண், தோள், குரல் எல்லாம் ஒருசேர ஒடுங்கிவிடுகின்றன. அந்த ஒரு கணத் தயக்கத்துக்கே எத்தனை விருது கொடுத்தாலும் தகும். கிரிக்கெட் பார்க்கும் விருந்தில் சக ஊழியர்களின் சீண்டலை, இன்னொரு நண்பனாக வரும் இஷான் கட்டர் விழுங்கும் இடமும் அப்படித்தான். சந்தனின் அம்மாவாக வரும் ஷாலினி வத்ஸாவின் பித்தவெடிப்புப் பாதங்களை மறக்கவே முடியாது. ஜான்வி கபூர் பாத்திரத்தை மட்டும் இன்னும் ஆழமாக எழுதியிருக்கலாம்.

நம்ம ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் விட்டதும் சாலையெங்கும் இந்தியும் ஒடியாவும் வங்காளமும் கேட்கிறது. ஆனால் அவற்றைப் பேசும் தொழிலாளர்கள் எல்லாரும் நமக்கு ஒரே முகம். அந்த ஊரடங்குக் கோடையில் நம் நெடுஞ்சாலையிலும் மூட்டையோடு நடந்தார்கள். யார், எந்த ஊர், வீட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? இந்தப் படம் கேட்கிறது.

தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஓடும் ஊர் நம்முடையது. இந்தப் படத்துக்கு மொழி தடையாகாது. நெட்ஃபிளிக்ஸில் இருக்கிறது. உங்கள் மாடியில் வடமாநிலப் பையன்கள் வாடகைக்கு இருந்தால், அவர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாருங்கள்.