சும்மா மலைக்குப் போனோம்

போன ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போனோம். எங்கள் காலனியில் மாலை வகுப்பு நடத்தும் தம்பி தங்கைகள் ஐந்து பேர், நான், கூடவே மணி, செவலை என்று இரண்டு நாய்கள். பெரிய மலை அல்ல. மதுரைப் பக்கம் கரடு என்போம். பாறையும் முள்ளும்தான். ஒரு மணி நேரத்தில் ஏறிவிடலாம். உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு சுனை உண்டு.

எங்கள் சனத்துக்கு அந்தக் கரடு புதிதல்ல. அப்பத்தா விறகுக்குப் போனது. அப்பா ஆடு பத்திக்கொண்டு போனார். சித்தப்பா கல் உடைக்கப் போனார்; ஒரு விரலை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். ஆனால் வேலை எதுவும் இல்லாமல், காற்று வாங்க, எங்கள் வீட்டிலிருந்து அந்த மலைக்கு யாரும் போனதில்லை.

காலனியைத் தாண்டியதும் நான் ஓடைக்கரைப் பாதையில் திரும்பினேன். கல்லூரியில் முதலாண்டு படிக்கும் தங்கை கேட்டாள்: "அக்கா, ஊருக்குள்ள போனா பத்து நிமிசந்தானே? ஏன் சுத்திப் போறோம்?"

எனக்குப் பதில் வரவில்லை. அப்பத்தா காலத்தில் ஊர்த்தெருவில் நாங்கள் செருப்போடு போகக் கூடாது. இன்று யாரும் மறிப்பதில்லை. பஸ் ரோடு எங்கள் பக்கமே இருப்பதால், அந்தத் தெருவுக்குள் போகிற வேலை எங்களுக்கு அதிகம் இல்லை. அதனால் மறிப்பார்களா என்று யாரும் போய்ப் பார்த்ததும் இல்லை. சமூகவியல் படித்தவள் நான். ஊர் ஊராகப் போய்த் தீண்டாமை பற்றிப் பயிற்சி கொடுக்கிறவள். என் கால் மட்டும் அப்பத்தாவின் பாதையிலேயே போய்க்கொண்டிருந்திருக்கிறது.

சுனைக்குப் போனதும் நாய்கள் இரண்டும் யாரையும் கேட்காமல் தண்ணீருக்குள் இறங்கின. மணி ஆண் நாய். முன்பு எங்கள் தெருவில் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்ததாம். ஊர்க்காரர் வீட்டுப் பெட்டை நாயோடு சேர்ந்துவிடும் என்பதுதான் காரணம். அப்பத்தா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்லும். சாதியின் அடிப்படை அகமணமுறைதான் என்று 1916இல் அம்பேத்கர் கொலம்பியாவில் வாசித்த கட்டுரையை முதுகலையில் படித்தபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த நாய்க்கதைதான்.

பாறையில் உட்கார்ந்து பொரிகடலை தின்றுகொண்டே அவர்களுக்கு இன்னொரு பயணத்தைச் சொன்னேன். 1934இல் அம்பேத்கர் ஏறக்குறைய முப்பது தோழர்களோடு எல்லோரா பக்கம் சுற்றிப் பார்க்கப் போனார். போராட்டம் அல்ல, மாநாடு அல்ல, சுற்றுலா. தௌலதாபாத் கோட்டைக்குப் போனவர்கள், வாசலருகே இருந்த குளத்தில் புழுதி போக முகம் கழுவினார்கள். குளம் தீட்டாகிவிட்டது என்று கூட்டம் கூடியது. கடைசியில், உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடக் கூடாது என்று சொல்லி, ஆயுதம் தாங்கிய ஒருவரைக் கூட அனுப்பித்தான் கோட்டையைப் பார்க்க விட்டார்கள். வெளிநாட்டில் இரண்டு முனைவர் பட்டம் வாங்கியவருக்கே இந்த நிலை. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற நினைவுக்குறிப்பில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

குளம், சாலை, பொது இடம் எதுவானாலும் சாதியின் பெயரால் தடுக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் வந்த திருத்தம், ஊற்று, பாதை, செருப்பு, சைக்கிள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, தடுத்தால் குற்றம் என்கிறது. ஆனால் தடுக்க ஆள் இல்லாதபோதும் தானாகச் சுற்றிப் போகிற காலுக்கு எந்தப் பிரிவு இருக்கிறது?

இறங்கும்போது தங்கை மறுபடி கேட்டாள்: "இப்பவாவது ஊருக்குள்ள போவோமா?" எனக்குப் பயம்தான். ஏதாவது நடந்தால் நான் திங்கட்கிழமை மதுரைக்கு பஸ் ஏறிவிடுவேன். இவர்கள் இங்கேதான் இருக்க வேண்டும். அதனால் முடிவை அவர்களிடமே விட்டேன். ஒரு தம்பி மட்டும் தயங்கினான். அவன் அம்மா அந்தத் தெருவில்தான் களையெடுக்கக் கூலி பேசுகிறார். அவன் ஓடைப்பாதையில் போனான். அவனை யாரும் கேலி பேசவில்லை. பேசியிருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

நாங்கள் ஐந்து பேரும் ஊர்த்தெருவில் நடந்தோம். நாய்கள் முன்னே ஓடின. திண்ணையிலிருந்த பெரியவர் ஒருவர் நிறுத்தினார்.

"யாரு வீட்டுப் புள்ளைக?"

"காலனி, தாத்தா," என்றாள் தங்கை. அப்பத்தாவாக இருந்தால் 'சாமி' என்றிருக்கும்.

"மலையில என்ன சோலி?"

"சோலி ஒண்ணுமில்ல. சும்மா போனோம்."

"சும்மாவா?" என்று எங்களையும் நாய்களையும் மாறி மாறிப் பார்த்தார். வேறு எதுவும் சொல்லவில்லை. அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தோழர்களே, மனு கொடுக்கப் போயிருக்கிறோம், மறியலுக்குப் போயிருக்கிறோம், கள ஆய்வுக்குப் போயிருக்கிறோம். நம் ஊரிலேயே சும்மா எங்கெல்லாம் போயிருக்கிறோம்? யாரும் மறிக்காமலே நீங்கள் சுற்றிப் போகிற பாதை எது என்று ஒருமுறை நடந்து பாருங்கள். தனியாக வேண்டாம், நண்பர்களோடு போங்கள்.

வரும் ஞாயிறும் மலைக்குப் போகிறோம். எந்த வழி என்று அவர்கள்தான் சொல்வார்கள்.