இமைப்பொழுது

சென்னைக்குத் தெற்கே, பல்லாவரத்தை அடுத்து அமைந்த ஊர் கீழ்க்கட்டளை. அவ்வூர்ச் சாலையில் விரைந்து செல்லும் லாரி புழுதியை எழுப்புகின்றது. ஓரமாகப் பள்ளிக்கு நடந்து செல்லும் சிறுவன் ஒன்றும் எண்ணுவதற்கு முன்பே அவன் இமைகள் மூடிக்கொள்கின்றன. தூசு வெளியே நின்றுவிடுகின்றது. எவரும் ஏவாமலே நிகழும் இக்காவலுக்கு ஆகும் காலம் எவ்வளவு?

இமைக்கும் காலத்தையே அளவுகோலாகக் கொண்டனர் பண்டைத் தமிழ்ப் புலவர். கண்ணிமைத்தலும் கைந்நொடித்தலும் ஒரு மாத்திரை என வரையறுத்தது தொல்காப்பியம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என ஒலிகள் அதனால் அளக்கப்பெற்றன. நன்னூல் செய்த பவணந்தி முனிவரோ, அவ்விமைப்பு இயல்பாக எழுவதாதல் வேண்டும் என்றார். அஞ்சி இமைப்பதும், வேண்டுமென்றே இமைப்பதும் அளவாகா என்பது இதனாற் பெறப்படும்.

இன்றைய அறிவியலும் இமைப்பை இவ்வாறே மூவகையாகப் பகுக்கின்றது. அளவுகோலாய் நின்ற இமைப்பே இன்று அளக்கப்படுகின்றது. மேலிமையில் நுண்கம்பிச் சுருளொன்றை ஒட்டி, ஒருவரைக் காந்தப் புலத்தின் நடுவே அமர்த்துவர். இமை அசையுந்தோறும் சுருளில் எழும் மின்குறி மாறி, அவ்வசைவைக் காட்டும். ஓர் இமைப்புக்கு விநாடியில் பத்தில் ஒரு பங்கு முதல் நான்கு பங்கு வரை ஆகின்றது. மேலிமை ஏறுவதினும் விரைந்து இறங்குகின்றது. கீழிமையோ மூக்கை நோக்கிச் சிறிதே நகர்கின்றது. அமைதியாய் இருப்பவர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 15 முதல் 20 முறை இமைப்பர்; நூலையோ கைப்பேசித் திரையையோ உற்று நோக்குங்கால் அவ்வெண் குறையும்.

இவ்வளவீடு வீண் ஆராய்ச்சியன்று. முகநரம்பு செயலிழந்தவர்க்கு இமை முழுதும் மூடாது. கண்ணீர்ப் படலம் காய்ந்து, கருவிழி புண்பட்டு, பார்வையே போதலும் கூடும். மூடாத இடைவெளியை மருத்துவர் மில்லிமீட்டரில் அளந்தறிவர். நரம்பு மீளாதெனின், மேலிமைக்குள் ஏறத்தாழ ஒரு கிராம் பொற்றகட்டை வைத்துத் தைப்பதும் உண்டு. இமையைத் தூக்கும் தசை தளர்ந்தவுடன் பொன்னின் எடையால் இமை தாழும். எடை மிகுந்தால் கண் நன்கு திறவாது, குறைந்தால் மூடாது. ஆதலின் முதலில் அதனை இமையின்மேல் ஒட்டிப் பார்த்தே அளவைத் துணிவர். காதில் அணிந்த பொன் அழகு தரும்; இமையில் வைத்த பொன் பார்வையைக் காக்கும்.

சாலையில் புழுதி அடங்குகின்றது. சிறுவன் நடையைத் தொடர்கின்றான். தான் இமைத்ததை அவன் அறியான்.