தொண்ணூறு கோடுகளின் உயரம்

கொடைக்கானல்

அன்புள்ள செல்வி,

மாணவிகளோடு பெரியகுளத்திலிருந்து கொடைக்கானலுக்கு நடந்தே வரப்போவதாக எழுதியிருந்தாய். வனத்துறை அனுமதி கிடைத்ததில் சந்தோஷம். கிளம்புமுன் பிள்ளைகளுக்கு வரைபடம் பார்க்கச் சொல்லிக்கொடு. எங்கே தொடங்குவது என்று கேட்டாயே, கோக்கர்ஸ் வாக்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். 1872-ல் இந்த நடைபாதையை அமைத்த லெப்டினன்ட் கோக்கர், கொடைக்கானலுக்கு வரைபடம் தயாரித்தவரும்கூட.

மடியில் சர்வே ஆஃப் இந்தியாவின் இரண்டு தாள்கள். கொடைக்கானல் 58எஃப்/8-ன் வடகிழக்கு மூலையில் இருக்கிறது. பெரியகுளம் பக்கத்துத் தாளான 58எஃப்/12-ல். ஒட்டி வைத்தால்தான் உன் வழி முழுதாகத் தெரியும். தாளின் மேல்விளிம்பு வடக்கு. திசைகாட்டி பார்த்துத் தாளைத் திருப்பி வைத்தேன். தென்கிழக்கே கீழே தெரியும் பெரியகுளம், தாளிலும் அதே பக்கம் வந்து நின்றது.

அடுத்தது அளவை. 1:50,000 என்றால் தாளில் 2 செ.மீ., தரையில் 1 கி.மீ. இரண்டு ஊருக்கும் இடையே ஸ்கேலில் 30 செ.மீ.கூட இல்லை, நேர்கோட்டில் 15 கி.மீ.க்குள். 'இவ்வளவுதானா?' என்பார்கள் பிள்ளைகள். அப்போது பழுப்புக் கோடுகளைக் காட்டு.

ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைப்பது ஒரு பழுப்புக் கோடு. அடுத்த கோடு 20 மீட்டர் மேலே. பெரியகுளம் சுமார் 300 மீட்டரில், கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டரில். ஆக, தொண்ணூறு கோடுகள் ஏற வேண்டும். கோடுகள் விலகியிருந்தால் இதமான சரிவு, நெருங்கினால் செங்குத்து. உயரமான பக்கம் நோக்கிக் கூராக வளைந்தால் அங்கே ஓடைப் பள்ளம். தாழ்ந்த பக்கம் நோக்கி வளைந்தால் மலைமுகடு.

நேரம் கணக்கிட, ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-ல் சொன்ன வழி இருக்கிறது: 5 கி.மீ.க்கு ஒரு மணி, ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி. நேர்கோட்டுக் கணக்கே ஆறு மணி நேரம் ஆகிறது. பாதையோ வளைந்து போகும், பிள்ளைகள் இளைப்பாறவும் வேண்டும். வழியில் ஓர் இரவு தங்கும்படி திட்டமிடு. தண்ணீருக்கு நீல ஓடைகளைக் குறித்துக்கொள். கறுப்பில் வரைந்தவை ஆண்டின் பெரும்பகுதி வறண்டிருக்கும்.

முதல் பாடம் மலையில் வேண்டாம், உங்கள் ஊர்க் கண்மாயில் நடத்து. தாளில் கண்மாய்க் கரையோரம் '5ஆர்' என்று அச்சிட்டிருந்தால், சுற்றியுள்ள தரையைவிடக் கரை 5 மீட்டர் உயரம் என்று பொருள். அதன்மேல் அவர்களை ஏற்றி, இறக்கி, தாளையும் தரையையும் மாறி மாறிப் பார்க்கச் சொல். பிறகு பயண நாளில் வரைபடத்தை ஒரு மாணவியிடம் கொடுத்து முன்னால் நடக்கவிடு. எங்கே நிற்பது, எந்தப் பக்கம் திரும்புவது என்று அவளே முடிவு செய்யட்டும். நீ அவள் பின்னால் வா.

அன்புடன்,
கமலா