ஃபேஷன் பத்திரிகை எப்போது நேர்மையாக இருந்தது?

2022 பிப்ரவரியில் அமெரிக்காவின் 'இன்ஸ்டைல்' இதழ் அச்சுக்கு முழுக்குப் போட்டது. அதே ஆண்டு 'அல்யூர்' அச்சும் நின்றது. 'டீன் வோக்', 'கிளாமர்' எல்லாம் அதற்கு முன்பே போய்விட்டன. ஒவ்வொன்று மூடும்போதும் ஒரே புலம்பல்தான்: அந்தக் காலத்தில் உடையைப் பார்த்து எழுதினார்கள், இப்போது இன்ஸ்டாகிராமில் காசு வாங்கிக்கொண்டு புகழ்கிறார்கள். எனக்கும் பழைய இதழ்களின் மேல் பித்து உண்டு. அதனாலேயே அந்த 'அந்தக் காலம்' எது என்று தேடத் தோன்றியது. பழைய இதழ்கள் பலவற்றை நூலகங்கள் இணையத்தில் ஏற்றிவைத்திருக்கின்றன. நாற்காலியை விட்டு எழாமலே பின்னோக்கிப் போகலாம்.

'வோக்' 1892-ல் நியூயார்க்கில் ஆர்தர் டர்னியூர் தொடங்கிய வார இதழ். பணக்காரர் வீட்டு விருந்தும் நடனமுமே அதன் உலகம். 1909-ல் அதை வாங்கிய கான்டே நாஸ்ட் விளம்பரம் பிடிப்பதில் கைதேர்ந்தவர். எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதைவிட எப்பேர்ப்பட்டவர்கள் படிக்கிறார்கள் என்பதே அவருடைய சரக்கு. அங்கே நான் அதிக நேரம் நிற்கவில்லை.

1867-ல் வந்த 'ஹார்ப்பர்ஸ் பஜார்' என்னைப் பிடித்து நிறுத்தியது. பெர்லினில் வெளிவந்த 'டெர் பஜார்' தன் படங்களின் அச்சுத் தகடுகளை முன்கூட்டியே நியூயார்க்கில் இருந்த ஹார்ப்பர்ஸுக்கு அனுப்பிவிடும். ஹார்ப்பர்ஸின் முதல் ஆசிரியர் மேரி லூயிஸ் பூத் பெயர் பெற்ற மொழிபெயர்ப்பாளர். இதழோடு பெரிய பட்டர்ன் தாள் ஒன்று மடித்து வரும். ஒரே தாளில் பல உடுப்புகளின் வெட்டுக்கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும். ஒவ்வோர் உடுப்புக்கும் ஒவ்வொரு விதமான கோடு. தனக்கு வேண்டிய கோட்டை மட்டும் பிடித்துக்கொண்டு வேறு தாளில் வரைந்து, வெட்டி, தைக்க வேண்டியது வாசகியின் பாடு. இதை இதழியல் என்பதா என்று தெரியாது. ஆனால் படித்து முடித்ததும் கையில் ஒரு சட்டை மிஞ்சியது.

அதற்கும் முன்னால், 1830-ல் ஃபிலடெல்ஃபியாவில் லூயிஸ் கோடி தொடங்கிய 'கோடிஸ் லேடிஸ் புக்'. அதன் ஃபேஷன் படங்களுக்குப் பெண்கள் கையால் வண்ணம் தீட்டினார்கள். ஒரு வண்ணம் தீர்ந்தால் இருக்கிற வண்ணத்தைத் தொட்டு வேலையை முடித்திருக்கிறார்கள். விளைவு, ஒரே மாத இதழில் ஒருத்திக்கு நீல கவுன், பக்கத்து வீட்டுக்காரிக்கு இளஞ்சிவப்பு! புகார் கிளம்பியபோது பதிப்பாளர் அசரவில்லை: வேண்டுமென்றுதான் மாற்றுகிறோம், இருவரும் ஒப்பிட்டுப் பார்த்து அவரவர் நிறத்துக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். இந்தச் சமாளிப்புக்கே சந்தா கட்டலாம்.

பாரிசில் 1785 நவம்பரில் தொடங்கியது 'காபினே தே மோத்'. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, எட்டுப் பக்கம், மூன்று வண்ணப் படம். முதல் ஃபேஷன் பத்திரிகை என்று பலரும் காட்டுவது இதைத்தான். நான் இன்னும் ஒரு நூற்றாண்டு கீழே இறங்கினேன். 1672-ல் ழான் தொன்னோ த விசே தொடங்கிய 'மெர்க்யூர் கலான்' அரசவைச் செய்தி, கவிதை, வம்பு எல்லாம் கலந்த இதழ். 1678-ல் அது உடைகளின் படங்களை அச்சிட்டு, எது என்ன துணி என்று குறிப்பும் போட்டது. கூடவே அந்தத் துணி எந்த வணிகரிடம் கிடைக்கும் என்று பெயரும் சொன்னது. துணிக்கடையின் உள்புறத்தையே ஒரு படமாகப் போட்டிருக்கிறார்கள். ஆக, இன்று இன்ஸ்டாகிராமில் நடப்பதற்குப் பதினான்காம் லூயி காலத்திலேயே பிள்ளையார் சுழி போட்டாகிவிட்டது.

அப்படியானால் 'நன்றாக இல்லை' என்று எழுதியவர்கள் எங்கே இருந்தார்கள்? என் தேடல் பளபளப்புத் தாளை விட்டு நாளிதழ்ப் பக்கம் திரும்பியது அப்போதுதான். நாளிதழுக்கு அரசியல் உண்டு, விளையாட்டு உண்டு. ஒரு வடிவமைப்பாளர் கோபித்துக்கொண்டால் கடையை மூட வேண்டியதில்லை. நியூயார்க் டைம்ஸின் கேத்தி ஹோரினை 2008-ல் அர்மானி தன் காட்சிக்கு வரக்கூடாது என்றார். ஹோரின் தொடர்ந்து எழுதினார். வாஷிங்டன் போஸ்ட்டின் ராபின் கிவானுக்கு 2006-ல் விமர்சனத்துக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. ஃபேஷன் பற்றி எழுதும் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல்முறை. அதற்கு முந்தைய ஆண்டு ஆஷ்விட்ஸ் முகாம் விடுவிக்கப்பட்டதன் 60-ஆம் ஆண்டு நினைவு நிகழ்ச்சிக்கு உலகத் தலைவர்கள் கறுப்புக் கோட்டில் வந்திருக்க, அமெரிக்கத் துணை அதிபர் டிக் செனி பச்சை நிறப் பனி ஜாக்கெட்டும் பின்னல் குல்லாயுமாக உட்கார்ந்திருந்தார். வீட்டு வாசலில் பனி தள்ளப் போகிறவர் உடுத்துவது போல் இருக்கிறது என்று கிவான் எழுதினார். எந்தக் கடைக்காரரும் விற்பதற்காகக் கிவானிடம் நீட்டிய உடை அல்ல அது.